மூன்று வாரம் படித்தவர்

பச்சை வண்ணம் அடித்த ஒரு தகரப் பெட்டி. புதுக்கோட்டையிலிருந்து வரும் காலை பஸ்ஸின் கூரையிலிருந்து அதைக் கயிறு கட்டி இறக்கினார்கள். கீழே நின்று இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டவர் எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியர். சென்னையில் மூன்று வாரப் பயிற்சியை முடித்துக்கொண்டு அன்றுதான் திரும்பியிருந்தார். பஸ் நிலையத்தில் காய்கறி வாங்க வந்திருந்த என்னைப் பார்த்ததும், நலம் விசாரிக்கக்கூட மறந்து, "டீச்சர், இதுக்குள்ள என்ன இருக்குன்னு சொன்னா நம்பமாட்டீங்க" என்றார். முப்பத்தெட்டு வயது மனிதர் முகத்தில் திருவிழாவுக்குப் போய்வந்த பிள்ளையின் களை. மரக்கட்டைகள், படம் போட்ட அட்டைகள், ஒரு நிறுத்துக் கடிகாரம், கட்டுக் கட்டாக ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள்கள். பள்ளிப் பிள்ளைகளின் மனத்தை அளக்கும் கருவிகள் என்று அவற்றைப் பற்றி எங்களுக்குச் சொல்லப்பட்டது.

அறுபதுகளின் தொடக்கம் அது. புதுக்கோட்டைச் சீமை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. குளத்தூர் தாலுகாவில், குன்றாண்டார்கோவில் போகும் சாலையில் இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நான்தான். அவரைக் கணக்கு சார் என்றே இங்கும் சொல்கிறேன். அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. ஒல்லியான உருவம். வலது சட்டைக் கையில் எப்போதும் சுண்ணாம்புத் தூள். எந்தக் கணக்கைப் போட்டாலும் விடையிலிருந்து திரும்பிப் போய் இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுத்தான் கரும்பலகையை அழிப்பார். "ஒரு தடவை சரியா வந்தா அது அதிர்ஷ்டமாக்கூட இருக்கலாம்" என்பார்.

பள்ளிக்கு ஓர் ஆசிரியரை அனுப்பும்படி மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. எந்தப் பிள்ளை எந்தப் படிப்புக்கு, எந்தத் தொழிலுக்குப் பொருத்தம் என்று வழிகாட்டக் கற்றுக்கொடுப்பார்களாம். கல்யாண மாதமாக இருந்ததால் மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவினார்கள். இவர் போனார். திரும்பி வந்தபோது தலைமையாசிரியர், விளையாட்டுச் சாமான்கள் கிடந்த அறையை ஒழித்து, வாசலில் 'உளநூல் நிபுணர்' என்று பலகை எழுதி மாட்டிவிட்டார்.

"நிபுணர்னு போடாதீங்க சார். மூணு வாரம்தான் படிச்சிருக்கேன்" என்றார் கணக்கு சார்.

"மத்தவங்க அதுகூடப் படிக்கலையே" என்றார் தலைமையாசிரியர். பலகை இருந்துவிட்டது.

ஆங்கிலத் தாள்களைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. ஆயுத பூஜை விடுமுறை முழுக்க அதையே செய்தேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. வித்துவான் பட்டம் வாங்கிய சூடு ஆறவில்லை. 'வழியில் பிறர் குடையொன்று கிடக்கக் காணின் யாது செய்வாய்?' என்று எழுதிவிட்டு, நானே இரண்டு முறை வாசித்து ரசித்துக்கொண்டேன். அந்தக் கேள்வியைக் கேட்கப்போகும் பிள்ளை எந்த ஊர், எந்தப் பேச்சு என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கணக்கு சாரும் யோசிக்கவில்லை. "அருமையா இருக்கு டீச்சர்" என்றார்.

முதல் மாதங்களில் நல்லதும் நடந்தது. சரித்திரத்தில் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் மரக்கட்டைகளைக் கண்மூடித் திறப்பதற்குள் அடுக்கிவிட்டான். அவன் அப்பாவிடம் பேசி, பள்ளி முடிந்ததும் திருச்சிக்குத் தொழிற்கல்விக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார் கணக்கு சார். அந்தச் செய்தி சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியது. அதன் பிறகு சனிக்கிழமைகளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தூக்கத்தில் பேசும் பிள்ளை, மண் தின்னும் பிள்ளை, இடக்கையால் எழுதும் பிள்ளை. ஒருவர் தம் மாமியாரின் கோபத்துக்கு அந்தப் பெட்டியில் ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார். சிரித்து அனுப்பிவிட்டாலும், கணக்கு சாருக்கு உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி இருந்ததை நான் கவனித்தேன். பதினைந்து வருஷம் கணக்கு வாத்தியாராகவே இருந்தவரைத் தேடி வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். யாருக்குத்தான் பிடிக்காது?

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் அந்தத் தகப்பனார். மானாவாரியில் நிலக்கடலை போடுகிற சம்சாரி. பள்ளியிலிருந்து நாலு மைல் தொலைவில் ஊர். அவர் மகள் என் எட்டாம் வகுப்பில் படித்தாள். அவள் பெயரைச் சொல்லவில்லை. இன்று பேரன் பேத்தி எடுத்தவள், அவளுக்குப் பிடிக்காமல் போகலாம். அரைப் பரீட்சைவரை எல்லாப் பாடத்திலும் தேறியவள், பொங்கலுக்குப் பிறகு எதிலும் எழுந்திருக்கவில்லை. கணக்கில் வெறும் தாளைக் கொடுத்தாள். கேட்டால், தலை கவிழ்ந்தபடி நிற்பாள்.

தகப்பனார் கையில் துண்டைச் சுருட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். "சார், ஒளிவுமறைவு வேணாம். புள்ளைக்குப் படிப்பு வருமா வராதா, ஒங்க பெட்டியில பாத்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வரும்னா நடக்கட்டும். வராதுன்னா எதுக்கு நாலு மைல் நடக்கவிடணும்? அவ ஆத்தாவும் வீட்டுல தனியாக் கெடக்கா."

கெட்ட எண்ணத்தோடு கேட்டவரல்ல. தெரிந்தவர் என்று நம்பி வந்து கேட்டார்.

திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு, கடைசி மணி அடித்த பிறகு, முக்கால் மணி நேரம் சோதனை நடந்தது. அறைக்குள் ஒரு பெண் இருக்கட்டும் என்று என்னையும் உட்காரச் சொன்னார்கள். நான் வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கணக்கு சார் என் செந்தமிழில் கேள்விகளைப் படித்தார். அவள் மிக மெதுவாக, சில சமயம் இரண்டு நிமிஷம் கழித்துப் பதில் சொன்னாள். அவர் நிறுத்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் சொன்னதைச் சொன்னபடியே தாளில் எழுதினார். பிறகு பெட்டியோடு வந்த விடைக் குறிப்போடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்டுக் கூட்டினார். இரண்டு முறை கூட்டினார். கூட்டலில் பிழை இல்லை.

மறுநாள் தகப்பனாரிடம், "படிப்பு ரொம்பச் சிரமந்தாங்க. கைவேலை ஏதாச்சும் பழக்குங்க" என்றார். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரத்திலிருந்து வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக வரிசையாகச் சிவப்புக் கோடுகள். மாதக் கடைசியில் பெயரையே அடித்தேன். அடித்தது என் கைதான்.

கோடை விடுமுறைக்கு முன் பழைய தாள்களை ஒழுங்குபடுத்தும்போதுதான் அவளுடைய தாள் என் கையில் கிடைத்தது. நின்றபடியே படித்தேன்.

குடை கேள்விக்கு, போலீஸ் நிலையத்தில் ஒப்படைப்பேன் என்றால் முழு மதிப்பெண். அவள் சொல்லியிருந்தது இது: 'அந்த எடத்துலயே நட்டு வச்சுட்டு வருவேன். தேடி வாரவகளுக்குத் தூரத்துல இருந்தே தெரியும்ல.' பக்கத்தில் கணக்கு சார் கையெழுத்தில் ஒரு சுழி. கடிகாரமும் தராசும் எந்த விதத்தில் ஒன்று என்ற கேள்விக்கு, 'ரெண்டும் எங்க வீட்டுல இல்ல.' சுழி. கதவுப் படத்தில் என்ன குறைகிறது என்றதற்குக் கைப்பிடி என்று சொல்லியிருக்க வேண்டும். அவள், 'நெலையில மஞ்ச பூசல' என்றிருந்தாள். அதற்கும் சுழி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், இதப் படிச்சுப் பாருங்க" என்று கொண்டுபோய் நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். மீண்டும் முதலிலிருந்து படித்தார். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. "அவ ஊருக்குப் போலீஸ் ஸ்டேஷன் எங்க இருக்கு டீச்சர்?" என்றார். பதினோரு மைல். அந்தத் தொலைவுக்கு ஒரு குடையைச் சுமந்துகொண்டு போகிற பிள்ளைக்கு முழு மதிப்பெண். வழியிலேயே நட்டு வைக்கிற பிள்ளைக்குச் சுழி.

"கூட்டல் சரியா இருந்துச்சு. அதனால விடையும் சரின்னு நெனச்சுட்டேன்" என்றார். நான் எழுதிய கேள்வியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனார். தகப்பனார் கட்டில் போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தாராம். ஆனால் பேச்சு நகரவில்லை. "நீங்கதானே சார் வராதுன்னு சொன்னீங்க? இப்ப வரும்ங்கிறீங்க. நாளைக்கு மறுபடி வராதும்பீங்க. புள்ளையப் போட்டு இங்கிட்டும் அங்கிட்டும் இழுக்கவா?" அதில் தவறென்று ஒரு சொல்லும் இல்லை என்று கணக்கு சாரே என்னிடம் சொன்னார். அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும் போனார். மூன்று முறையும் அந்தப் பெண் கண்ணில் படவே இல்லை.

பிறகு சென்னைக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் ஓர் அம்மையார், உளநூல் பேராசிரியை. நடந்தது எதையும் மறைக்காமல் எழுதி, அந்தப் பெண்ணின் பதில்களையும் நகலெடுத்து அனுப்பினார். பத்து நாளில் பதில் வந்தது. அந்தக் கடிதத்தை எனக்குப் படிக்கக் கொடுத்தார். சில வரிகள் இன்றும் நினைவிருக்கின்றன. 'இந்தப் பெண் முன்பு தேறிக்கொண்டிருந்தாள் என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி, நடுவில் என்ன நடந்தது என்பது. அது எந்தப் பெட்டியிலும் இல்லை. மூன்று வாரத்தில் நாங்கள் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது, எந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்று கண்டுகொண்டு எங்களுக்கு எழுதுவதற்கு. தீர்ப்புச் சொல்வதற்கு அல்ல. அதற்கு வருஷக்கணக்கில் படிக்க வேண்டும், படித்தவர் மேற்பார்வையில் பழக வேண்டும். அப்படிப் படித்தவர்களும் ஒரு தாளை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை.' கடைசியில், 'அவள் நம்பக்கூடிய ஒரு பெண்ணை அனுப்புங்கள். கேள்வி கேட்க வேண்டாம், கூட இருந்தால் போதும். சாப்பிடாமல், உறங்காமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் தாமதிக்காமல் சென்னைக்கு அழைத்து வாருங்கள், நானே பார்க்கிறேன்' என்று முடித்திருந்தார்.

நடுவில் என்ன நடந்தது? அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அலமாரியைத் திறந்து பழைய விடுமுறை விண்ணப்பங்களைத் தேடினேன். பொங்கலை ஒட்டிப் பதினோரு நாள் விடுப்பு. பக்கத்து வீட்டார் யாரோ எழுதிக்கொடுத்த தாள். 'வீட்டில் துக்கம்.' மூலையில் என் சுருக்கொப்பம். யாருடைய துக்கம் என்று நான் கேட்டிருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் போனேன். கோடைக் கடலை பறிப்பு நடந்துகொண்டிருந்தது. பறித்துப் போட்ட செடிகளைக் குவித்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவளும் தனியாக ஒரு குவியல் முன்னால் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். "உக்காரு" என்று சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்து ஒரு செடியை எடுத்தேன். எனக்குக் கடலை ஆயத் தெரியாது. காம்போடு பிய்த்துப் போட்டேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, செடியைத் திருப்பிப் பிடித்து எப்படி உதறிப் பறிப்பது என்று அவளே காட்டினாள். அன்று அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வாரம், "டீச்சர், வெயிலு ஏறிருச்சு, அங்கிட்டு நெழலுக்கு வாங்க" என்றாள். சாப்பிடுகிறாள், உறங்குகிறாள் என்று பக்கத்தில் இருந்த பெண்களிடம் விசாரித்து அறிந்துகொண்டேன். அவள் தாயைத் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். வீட்டு வாசலை விட்டு அவர் வெளியே வருவதில்லை. மகள் உள்ளே போனால் தாய் கொல்லைப்பக்கம் போய்விடுவார். தாய் வந்தால் மகள் காட்டுக்கு வந்துவிடுவாள்.

மூன்றாவது வாரம், குவியலில் பாதி முடிந்திருந்தபோது, கையை நிறுத்தாமலே சொன்னாள்.

"தம்பி கெணத்துல விழுந்துட்டான் டீச்சர்."

நாலு வயதுத் தம்பி. வீட்டுக்குப் பின்னால் சுற்றுச்சுவர் இல்லாத ஏற்றக் கிணறு. தாய் காட்டில் வேலை செய்யும்போது அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவார். அக்காள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இடுப்பில் தூக்கிக்கொள்வாள். அவள் வரும் நேரம் அவனுக்குத் தெரியும். கிணற்றடிப் பாதையில் எதிர்கொண்டு வருவான். அன்று அவள் ஒரு மணி நேரம் பிந்தி வந்தாள்.

"ஏன் பிந்திச்சு?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாது என்று எழுதியிருந்தும் வாய் முந்திக்கொண்டது.

"கணக்கு ஸ்பெஷல் கிளாஸு" என்றாள்.

அதைக் கணக்கு சாரிடம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. சொல்லி முடித்ததும் அவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. பரீட்சை நெருங்குகிறது என்று அந்த ஸ்பெஷல் வகுப்பை வைத்தவர் அவர். கணக்குத் தாளை அவள் வெறுமையாகக் கொடுத்ததன் அர்த்தம் எங்கள் இருவருக்கும் அப்போதுதான் விளங்கியது. அவளுக்குக் கணக்கு மறக்கவில்லை. அதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை.

அவர் உடனே கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. "ஒரு தடவை தெரியாமப் பேசிட்டேன். இந்தத் தடவை கேட்டுட்டுப் பேசுறேன்" என்று மறுபடி சென்னைக்கு எழுதினார். பதில் சுருக்கமாக வந்தது. தெரிந்த உண்மையை அவளும் அவள் பெற்றோரும் சேர்ந்து கேட்கும்படி எளிமையாகச் சொல்லுங்கள், உங்கள் பங்கைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம் என்று அம்மையார் எழுதியிருந்தார். கணக்கு சார் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். நடையைத் திருத்தித் தருகிறேன் என்றேன். "வேணாம் டீச்சர், இது அவங்க பேச்சுலயே இருக்கட்டும்" என்றார். அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. உறைக்க வேண்டியதுதான்.

கடிதத்தை நான் எடுத்துப் போனேன். தகப்பனார் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு எழுத்துத் தெரியாதே டீச்சரம்மா." நான் கை நீட்டுவதற்குள், முற்றத்தில் நின்ற மகளிடம் கொடுத்துவிட்டார். "நீ படி, ஆத்தா."

அவள் படித்தாள். முதலில் தரையைப் பார்த்துப் பேசுகிற குரலில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து. 'ஐயாவுக்கு வணக்கம். ஒங்க மகளுக்குப் படிப்பு வராதுன்னு நான் சொன்னது தப்பு. அதச் சொல்ற படிப்பு எனக்கு இல்ல. குடைய நட்டு வச்சுட்டு வருவேன்னு ஒங்க மக சொன்னா. அந்த யோசனை எனக்கு வந்திருக்காது.' அந்த இடத்தில் தகப்பனார், "குடையா? என்ன குடை?" என்றார். அவள் நிறுத்தி, கேள்வியையும் தன் பதிலையும் விளக்கிவிட்டுத் தொடர்ந்தாள். 'இன்னொண்ணும் சொல்லணும். பொங்கலுக்கு முந்தி ஒரு நா ஒங்க மக வீட்டுக்குப் பிந்தி வந்தா. அவளா நிக்கல. போகணும் சார்னு கேட்டா. நான்தான் விடல. அந்தப் பொழுதுக்கு அவ பொறுப்பில்ல.'

அவள் குரல் நின்றுவிட்டது. வீட்டு நிலைக்கு உள்ளே நின்றிருந்த தாய் அப்போதுதான் வெளியே வந்தார். நான் அவரை அருகில் பார்த்தது அதுவே முதல் முறை. நேராக மகளிடம் வந்து, அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"ஏத்தா, இதுக்கா நீ இம்புட்டு நாளா எம் மொகத்தப் பாக்காம இருந்த? நான்ல ஒம் மொகத்தப் பாக்க முடியாம இருந்தேன். கெணத்தடியில காவல் இருந்திருக்க வேண்டியவ நான்ல."

தாயும் மகளும் முற்றத்து மண்ணிலேயே உட்கார்ந்து அழுதார்கள். தகப்பனார் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார். அங்கே எனக்கு இடமில்லை என்று தோன்றியது. சொல்லிக்கொள்ளாமல் சாலைக்கு நடந்தேன். பாதி வழியில் பின்னாலிருந்து தகப்பனார் கூப்பிட்டார். வேகமாக வந்ததில் மூச்சு வாங்கியது. "டீச்சரம்மா, அந்தக் கடுதாசிய எழுத்துக் கூட்டாமப் படிச்சாளே, பாத்தீங்களா?" என்றார். "பள்ளிக்கூடம் என்னைக்குத் தொறக்குறாங்க?"

எல்லாம் மறுநாளே சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். அவள் எட்டாம் வகுப்பில் மறுபடி உட்கார்ந்தாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு படிக்க வெட்கப்பட்டாள். கணக்கு மணி அடித்ததும் சில நாள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள். போகட்டும் என்று விட்டுவிடுவார் கணக்கு சார். ஸ்பெஷல் வகுப்பை மாலையிலிருந்து மதிய இடைவேளைக்கு மாற்றினார். அடுத்த அறுவடை முடிந்த கையோடு அந்தக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழும்பியது. கல் சுமக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரும் போயிருந்தார். கார்த்திகை வாக்கில் ஒரு நாள், விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தவர், ஆசிரியர் அறையில் என் மேஜைக்கு வந்து ஒரு தாளை வைத்தார். பத்துக் கணக்கில் மூன்று போட்டிருந்தாள். மூன்றும் சரி. "ரெண்டு தடவ சரிபாத்துட்டேன்" என்றார்.

பிறகு அவள் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். தபால் துறையில் வேலை கிடைத்து, அறந்தாங்கிப் பக்கம் கல்யாணமாகிப் போனாள். ஓய்வு பெறும்வரை தபால் நிலையத்தில் எழுதத் தெரியாதவர்களுக்கு அவள் படிவம் எழுதிக்கொடுப்பாள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

கணக்கு சார் அந்த வருஷமே பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டார். தலைமையாசிரியர் வருத்தப்பட்டார். "பேரு வந்துக்கிட்டிருக்கு, இப்பப் போயி..." என்றார். "அந்தப் பேருக்குத் தகுந்த படிப்ப மொதல்ல படிச்சுட்டு வாரேன் சார்" என்று இவர் சொன்னபோது யாரும் நம்பவில்லை. மனைவி, இரண்டு குழந்தைகள், நாற்பதை எட்டும் வயது. ஆனால் விண்ணப்பித்தார். நேர்முகத்தில், இந்தத் துறையில் உங்களுக்கு என்ன அனுபவம் என்று கேட்டார்களாம். "ஒரு பிள்ளையத் தப்பா எடை போட்டிருக்கேன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாராம். இடம் கிடைத்தது. தம் பழைய மாணவர்களின் வயதுள்ளவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு ஆண்டுகள் படித்தார். குழந்தை எப்படி வளர்கிறது, நினைவு எப்படி வேலை செய்கிறது, சோதனை ஒன்றை ஒரு நாட்டுப் பிள்ளைகளுக்குப் பொருந்தும்படி எப்படி உருவாக்குவது, எப்போது மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டும் என்றெல்லாம் எனக்குக் கடிதம் எழுதுவார். பேராசிரியை கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து கவனிக்க, ஒரு குழந்தையோடு பேசிப் பழகுவதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்று எழுதியிருந்தார். 'நான் எப்போது வாயை மூடியிருக்க வேண்டும் என்று அம்மா குறித்துவைத்து, பிறகு சொல்கிறார். முதல் மாதம் ஒரு பக்கம் நிறைய இருந்தது. இப்போது பாதிப் பக்கம்.'

இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. என் பேத்தி படித்த பட்டணத்துப் பள்ளியில் உளவியல் ஆலோசகர் என்று ஓர் இளம் பெண் இருந்தார். மேல்படிப்பு, பயிற்சி எல்லாம் முடித்தவர். தனி அறை, வண்ண நாற்காலி. யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தபோது, இந்த நாற்காலியில் உட்காருவதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று முன்னொரு காலத்தில் ஒருவர் சைக்கிளில் அலைந்து தெரிந்துகொண்டதை நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு வேலை இருந்தது. வாசலில் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

கணக்கு சார் பட்டத்தோடு எங்கள் பள்ளிக்கே திரும்பி வந்த முதல் வாரம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பழைய அறையையே கேட்டு வாங்கிக்கொண்டார். பலகை எதுவும் வேண்டாம் என்றார். அடுத்த அறையில் எனக்கு ஓய்வு மணி. தடுப்புக்கு மேலே திறப்பு இருந்ததால் பேச்சு கேட்கும். குளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் ஆறாம் வகுப்பில் சேர்ந்த தம் மகளை அழைத்து வந்திருந்தார். புள்ளைக்கு மூளை எம்புட்டு இருக்குன்னு பாத்துச் சொல்லணும் என்றார்.

"ஒரு மாசம் டயம் குடுங்க" என்றார் கணக்கு சார். "பிள்ளையோட பேசணும். வகுப்புல எப்படி இருக்குன்னு பாக்கணும். ஒங்க வீட்டுக்கும் வரணும்."

"பட்டணத்துல போயி அம்புட்டுப் படிச்சுட்டு வந்திருக்கீங்கன்னாங்க. ஒரு நாள்ல சொல்ல முடியாதுங்களா?"

"முன்னாடி மூணு வாரம் படிச்சிருந்தேங்க. முக்கால் மணி நேரத்துல சொன்னேன். இப்ப ரெண்டு வருஷம் படிச்சிருக்கேன். ஒரு மாசமாச்சும் வேணும்."

நான் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கவனித்தேன்.

"சரிங்க. நான் என்ன செய்யணும்?" என்றார் வந்தவர்.

"இப்போதைக்கு ஒண்ணுதான். பிள்ளைக்கு என்ன பிடிக்கும், சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். பெஞ்சு நகரும் ஒலி கேட்டது. திரும்பி மகளைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஏத்தா," என்றார், அதுவரை இல்லாத ஒரு தணிந்த குரலில். "ஒனக்கு என்னத்தா பிடிக்கும்?"

அந்தச் சிறுமி என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது. வகுப்புக்குப் போகிற வழியில் அந்த அறையைத் தாண்டினேன். அவள் இரண்டு கைகளையும் விரித்து எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். தகப்பனும் கணக்கு சாரும் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.